கூடுதலாக வந்த குரல்

செம்பூரில் அந்த அலுவலகத்தில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, இரண்டு பொட்டலங்கள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்ப்பது. பொட்டலம் என்பது என் சொல். அங்கே எல்லோரும் அதை 'பில்ட்' என்பார்கள்.

எங்கள் நிறுவனம் சிறியது. கிளினிக்குகளுக்கு டோக்கன் இயந்திரம் செய்து கொடுக்கும். சுவரில் ஒரு டிவி, பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர், டாக்டரின் மேசையில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் மணி அடித்து, டிவியில் எண் மாறி, ஸ்பீக்கர் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லும். ஒவ்வொரு கிளினிக்குக்கும் மொழிகள் வேறு, பெயர்ப்பலகை வேறு. அந்தந்த இடத்துக்கு வேண்டிய நிரல், எழுத்து, ஒலி எல்லாவற்றையும் பொறுக்கி ஒரே கோப்பாகச் சுருக்கி அனுப்ப வேண்டும். அதுதான் பில்ட்.

பல வருடங்களாக இந்தப் பொறுக்கிச் சேர்க்கும் வேலையைச் செய்து வந்தது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். இதை எடு, அங்கே வை, பெயரை மாற்று, சுருக்கு என்று கம்ப்யூட்டருக்கு வரிசையாகக் கட்டளை சொல்லும் நீளமான கோப்பு. அதை எழுதியவர் துபாய்க்குப் போய்விட்டார். பிறகு வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வரிகளைச் சேர்த்துவிட்டு அவரவர் வழியில் போனார்கள். எங்கே தொட்டால் எங்கே உடையும் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் தொடுவதில்லை. புது கிளினிக் வந்தால் பழைய கிளினிக்கின் வரிகளை நகலெடுத்து அடியில் ஒட்டுவார்கள். அது ஓடினால் போதும் என்று டீ குடிக்கப் போவார்கள்.

அதைப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புதிதாக எழுதும் பொறுப்பு மாட்டுங்காவிலிருந்து வரும் ஒரு மேடத்திடம் இருந்தது. ஐம்பது வயதை ஒட்டியவர். அவருடைய அப்பா காலத்திலிருந்தே மாட்டுங்காவில் குடியிருப்பவர்கள். நான் தாராவி. பிள்ளை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தவள். காட்கோபரில் ஒரு டெஸ்டிங் கோர்ஸ் படித்துவிட்டு, ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்திருந்தேன். என்னை எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம். அந்த பயம் சாப்பாட்டு டப்பாவோடு தினமும் என்கூட ரயிலேறி வந்தது.

முதல் வாரத்திலேயே மேடத்தின் புது நிரலில் ஒரு குறை கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் டிஸ்கில் இடம் தீர்ந்துபோனால் என்ன செய்யும் என்று பார்க்க, வேண்டுமென்றே இடத்தை அடைத்துவிட்டு ஓடவிட்டேன். பாதிப் பொட்டலத்தை உருவாக்கிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று பச்சை எழுத்தில் சொன்னது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று மதியம் வரை தயங்கினேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் குறை சொன்னவள்தான் குற்றவாளி.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பாதியிலயே நின்னுட்டு முடிஞ்சதுன்னு சொல்லுது" என்றேன்.

நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பேஷ்! இது எனக்குத் தோணவே இல்லை. நீ கண்டுபிடிக்கலேன்னா ஏதோ ஒரு கிளினிக்ல ஒரு பேஷன்ட்தானே கண்டுபிடிச்சிருப்பா? நன்னா உடைச்சுப் பாரு. உடையறதுக்குத்தான் உன்கிட்ட குடுத்திருக்கேன்."

அன்றிலிருந்து எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஒரே கிளினிக்குக்குப் பழைய ஸ்கிரிப்டையும் புது நிரலையும் ஓட்டுவேன். இரண்டு பொட்டலங்களையும் பிரித்து, கோப்புக்குக் கோப்பு ஒப்பிடுவேன். முதலில் எதுவுமே ஒத்துப்போகவில்லை. பார்த்தால், பொட்டலம் செய்த நேரம் உள்ளே பதிவாகிறது. நேரம் வேறானால் பொட்டலமும் வேறு. அதை ஒதுக்கினோம். பிறகு கோப்புகளின் வரிசை மாறியது. அதையும் சரிசெய்தோம். இப்படி ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒருநாள் எல்லா கிளினிக்குகளும் ஒத்துப்போயின. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று தாராவியில் இருந்த ஒரு தர்ம கிளினிக். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். புதுப் பொட்டலம் பழையதைவிடப் பெரியதாக வந்தது.

"என் தப்பாத்தான் இருக்கும்" என்றார் மேடம். "எதையோ ரெண்டு தடவை அள்ளிப் போடறது போல இருக்கு." நாள் முழுக்கத் தன் நிரலை வரிவரியாகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

நான் கூடுதலாக வந்த கோப்புகளைப் பார்த்தேன். எல்லாம் ஒலிக்கோப்புகள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றைத் தட்டினேன்.

"டோக்கன் எண் இருபத்து மூன்று. உள்ளே வாருங்கள்."

ஒரு பெண்ணின் குரல். சின்ன வயது. நிதானமான, திருத்தமான தமிழ். ஆனால் 'வாருங்கள்' என்பதில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து இழுப்பு லேசாக ஒட்டியிருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றி மேடத்தின் காதில் வைத்தேன்.

"மேடம், கேளுங்களேன். தமிழ்ல ஒரு பொம்பள நம்பர் சொல்லுதாங்க!"

அவர் கேட்டார். அடுத்ததைத் தட்டச் சொன்னார். அதற்கடுத்ததையும். பிறகு பழைய ஸ்கிரிப்டைத் திறந்து விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

காரணம் சின்னது. ஒலிக்கோப்புகள் இருந்த ஃபோல்டருக்கு யாரோ 'tamil voice' என்று பெயர் வைத்திருந்தார்கள். நடுவில் ஓர் இடைவெளி. மற்ற மொழிகளின் ஃபோல்டர்களுக்கு ஒற்றைச் சொல்தான் பெயர். அந்த ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருந்த விதத்தில், இடைவெளி வந்தால் பெயர் இரண்டாகப் பிளந்துவிடும். 'tamil' என்று ஒரு ஃபோல்டரைத் தேடும், இருக்காது. 'voice' என்று இன்னொன்றைத் தேடும், அதுவும் இருக்காது. இல்லாவிட்டால் சத்தம் போடாமல் அடுத்ததற்குப் போ என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள், எல்லா கிளினிக்கிலும் எல்லா மொழியும் இருக்காது என்பதால். அது அப்படியே போயிருக்கிறது, ஒவ்வொரு முறையும். மேடத்தின் நிரல் பெயரை முழுப் பெயராகவே எடுத்துக்கொண்டது. அதனால் தமிழ் உள்ளே வந்துவிட்டது.

"அப்போ தப்பு புதுசுல இல்லை" என்றார் மேடம் மெதுவாக. "பழசுல."

நாங்கள் இருவரும் முதலாளியிடம் போனோம். அவர் குஜராத்திக்காரர், எங்களிடம் ஹிந்தியில் பேசுவார். பைத்தானுக்கு மாற அவர் ஒப்புக்கொண்டதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். பழையது என்ன கொடுத்ததோ அதையே புதியதும் கொடுக்க வேண்டும். "சேம் டு சேம்" என்று அப்போதே சொல்லியிருந்தார். இப்போதும் அதையே சொன்னார். தமிழை எடுத்துவிடுங்கள் என்றார்.

"அப்படியென்றால் பழைய தப்பையும் நான் பார்த்து எழுத வேண்டுமா?" என்று மேடம் ஹிந்தியில் கேட்டார்.

முதலாளி கோபப்படவில்லை. அவர் சொன்ன காரணமும் நியாயமானதுதான். அந்தக் குரலை இதுவரை யாரும் சோதித்ததில்லை. ஓர் எண்ணைத் தப்பாகச் சொன்னால் ஒருவர் முறையை இன்னொருவர் பறித்ததாகச் சண்டை வரும். தமிழ் தெரியாத தான் எதை நம்பி அனுப்புவது என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பேசிவிட்டேன். அந்த கிளினிக்கில் நானே உட்கார்ந்திருக்கிறேன். ஹிந்தியில் எண் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு நாற்பது வரை ஓடும். அதற்குமேல் உன்சட், உன்ஹத்தர் எல்லாம் ஒரே சத்தம். ஐம்பத்தொன்பதுக்கு அறுபத்தொன்பது எழுந்துபோய்த் திட்டு வாங்கும். டிவி எண் கண்ணுக்கு எட்டாத வயதானவர்கள் ஹிந்தி தெரிந்த யாராவது பக்கத்தில் இடம் பார்த்து உட்காருவார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "எல்லாக் கோப்பையும் நானே கேட்டுச் சரிபார்க்கிறேன், எனக்குத் தமிழ் வாசிக்கத்தான் தடுமாறும், காது சரியாகவே கேட்கும்" என்றேன்.

முதலாளி சிரித்துவிட்டார். "சரி, ஒன்றைப் போடு, கேட்போம்" என்றார். போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அரே, இது நம்ம ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு!"

அவருக்கு நினைவு வந்துவிட்டது. அந்த கிளினிக் தமிழும் வேண்டும் என்று கேட்டபோது, ரிசப்ஷனில் இருந்த தமிழ்ப் பெண்ணையே பேசச் சொன்னது அவர்தான். கல்யாணமாகி அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். கிளினிக்கில் இரண்டொரு முறை கேட்டார்கள், அடுத்த தடவை வரும் என்று யாரோ பதில் சொன்னார்கள், பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். "அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, சோதித்துவிட்டு வா, பார்க்கலாம் என்றார்.

ஒன்றிலிருந்து இருநூறு வரை கேட்டேன். கேட்கக் கேட்க அந்தப் பெண் எனக்குப் பழக்கமானவளாகிவிட்டாள். எழுபதுகளில் அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. எண்பத்தொன்றில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவள் போலத் தெளிவாகியிருந்தாள். எல்லாம் சரி, ஒன்றே ஒன்று தவிர. நூற்றுப் பத்தொன்பது நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. 'டோக்கன் எண் நூற்றுப் பத்' என்று நின்றது. கேட்பவர்களுக்கு அது நூற்றுப் பத்துதான். இப்படியே அனுப்பியிருந்தால் முதலாளி பயந்தது நடந்திருக்கும்.

அந்த ஓர் எண்ணை மறுபடி பதிவுசெய்ய வேண்டும். முதலாளியே பழைய நம்பரைத் தேடிக் கொடுத்தார். அந்தப் பெண் இப்போது கழிமுகத்துக்கு அப்பால் சான்பாடாவில் இருந்தார். போனில் நான் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, நேரில் பார்க்க வேண்டும் என்றேன். விலாசத்தைச் சொல்லி, "வாங்க" என்றார்.

நான் மட்டும் போவதாகத்தான் இருந்தது. மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். "நானும் வர்றேன். என் ப்ரோக்ராம் வெளியில கொண்டுவந்த குரல். யாருன்னு பாக்க வேண்டாமா?"

செம்பூரிலிருந்து பன்வேல் வண்டி பிடித்தோம். மான்குர்த் தாண்டிக் கழிமுகப் பாலத்தில் காற்று வந்தபோது மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவைத் திறந்தவர் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே எங்களை உள்ளே அழைத்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். அவருடைய வாப்பா தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. எனக்கு அக்கா என்றுதான் வாயில் வந்தது. சோபாவின் ஓரத்தில் அவருடைய உம்மா உட்கார்ந்திருந்தார்.

மடிக்கணினியில் இருபத்து மூன்றைப் போட்டேன். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது இன்னும் இருக்கா? அழிச்சிருப்பாங்கன்னுல்லா நெனச்சேன்."

"எதுக்குக்கா அழிக்கணும்?"

அவர் உம்மாவைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பேசிக் குடுத்ததும் மெஷின மாட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். உம்மாவைக் கூட்டிட்டு அந்த கிளினிக்குக்குப் போனேன். காய்ச்சல் இல்ல, தலவலி இல்ல, சும்மா போயி உக்காந்தோம். எங்குரல் வரும் வரும்னு. ஹிந்தி வருது, மராட்டி வருது. எங்குரல் மட்டும் வரல. கூட்டம் கலையிற வரைக்கும் இருந்து பாத்தோம். உம்மாதான் கையப் புடிச்சி எழுப்புனாங்க. வீட்டுக்கு வந்துட்டோம்."

"நீங்க ஆபீஸ்ல கேட்டிருக்கலாமே" என்றார் மேடம்.

"என்னன்னு கேக்க? கொரலு நல்லால்ல, எடுத்துட்டோம்னு சொன்னா? அவங்க சொல்ல கூச்சப்பட்டுட்டுத்தான் சும்மா இருக்காங்கன்னு நெனச்சேன். பொறவு நான் எதையும் சத்தம்போட்டு வாசிக்கிறதுகூட இல்ல. பிள்ளைக ஸ்கூல்ல ஏதாச்சும் பேசக் கூப்பிட்டாலும் போறதில்ல."

மேடம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் பாஷை எதுவும் பேசவில்லை. "உங்க குரலை யாருமே கேக்கலைம்மா. கேட்டுட்டுப் பிடிக்காமப் போகலை. ஃபோல்டர் பேர்ல நடுவுல ஒரு இடம் விட்டுட்டா. அதனால கம்ப்யூட்டர் உங்களைப் பாக்கவே இல்லை. அவ்வளவுதான் நடந்தது."

"ஒரு இடமா?"

"ஒரு ஸ்பேஸ்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நிஜமா என்று கேட்கிற பார்வை. "ஆமாக்கா, நான்தான டெஸ்ட் பண்ணேன். ஒண்ணுலேர்ந்து இருநூறு வரைக்கும் கேட்டுருக்கேன். அவ்ளோ நல்லாருக்கு" என்றேன். அவர் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். டீ போடும் சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது.

டீக்குப் பிறகு மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடி, நூற்றுப் பத்தொன்பதைப் பதிவுசெய்தோம். முதல் முறை குரல் நடுங்கியது. அடுத்த முறை பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. உம்மா சோபாவிலிருந்து, "பதறாத, மெல்லச் சொல்லு" என்றார். அதன்பின் சரியாக வந்தது. ஆனால் இப்போதைய குரல் கனமாகியிருந்தது. பழையவற்றோடு சேர்த்துப் போட்டால் வேறொருவர் குறுக்கே வந்து பேசியது போலிருந்தது.

"வேணும்னா எல்லாத்தையும் திரும்ப எடுத்துடலாம்" என்றார் மேடம்.

அக்கா யோசித்தார். "வேண்டாம் மேடம். அதெல்லாம் அப்பம் பேசுனது, இது இப்பம் பேசுனது. ரெண்டும் நாந்தான? இருக்கட்டும்."

அப்படியே வைத்தோம். முதலாளி கடைசியில் சரியென்றார். ஒரு யோசனையும் சொன்னார்: முதலில் தமிழ் இல்லாமல் பழையதைப் போலவே ஒரு பில்ட் கொடுத்து, புது நிரல் நம்பகமானது என்று எல்லா இடத்திலும் தெரிந்த பிறகு தாராவிக்குத் தமிழை அனுப்புங்கள் என்றார். மேடத்துக்கும் அது சரியாகப் பட்டது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால், ஏதாவது உடையும்போது எது உடைத்தது என்று தெரியாது. எனக்குத்தான் பொறுமை இல்லை. தினமும் கிளினிக்கைக் கடந்து வீட்டுக்குப் போகும்போது, அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொள்வேன்.

தமிழை ஏற்றிய காலையில் நாங்கள் நான்கு பேர் அந்த கிளினிக்கின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான், மேடம், அக்கா, உம்மா. நோயாளிகளுக்கு இடம் குறைகிறதே என்று மேடம் எழுந்து எழுந்து நின்றார். மணி அடித்தது. ஹிந்தியில் சொன்னது. மராட்டியில் சொன்னது. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"டோக்கன் எண் பன்னிரண்டு. உள்ளே வாருங்கள்."

ஒரு கைலிக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாக எழுந்து உள்ளே போனார். அவருக்கு அது தன்னுடைய எண், அவ்வளவே. ஆனால் எங்களுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார்.

"ஏ, நம்ம பாஷையில்லா பேசுது! யாரு இது?"

"எம் மவதான்" என்றார் உம்மா. கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார். "இந்தா உக்காந்திருக்கா பாரு, இவதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சிரித்தார். அதற்குள் அடுத்த மணி அடித்தது.

அந்தப் பழைய ஸ்கிரிப்டை இப்போது யாரும் ஓட்டுவதில்லை. பெயரில் இடைவெளி உள்ள ஃபோல்டர், தமிழ் எழுத்திலேயே பெயர் உள்ள ஃபோல்டர், காலி ஃபோல்டர் என்று நானும் மேடமும் சேர்ந்து நிறையச் சோதனைகளை எழுதி வைத்தோம். ஒவ்வொரு பில்டின்போதும் அவை தாமாகவே ஓடுகின்றன. கேட்டது கிடைக்காவிட்டால் நிரல் இப்போது சும்மா போகாது, நின்று சத்தம் போடும். அக்கா தேவ்நாரில் இன்னொரு கிளினிக்குக்காகவும் பேசிக் கொடுத்தார். இந்த முறை ஒரு ஸ்டூடியோவில், உரிய சம்பளத்தோடு. என் ஒப்பந்தம் முடிந்தபோது முதலாளி என்னை நிரந்தரமாக்கினார். தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் அந்தக் காலையை நினைத்தால் எனக்குக் கிளினிக்கைவிட அதற்குப் பின் நடந்ததுதான் முதலில் வருகிறது. அக்காவையும் உம்மாவையும் டாக்ஸியில் ஏற்றிவிட்டு, "என் வீடு பக்கத்துலதான் மேடம், வாங்களேன்" என்று கூப்பிட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தாற்போல் மாட்டுங்காவில் இருந்தும் தாராவிக்குள் அன்றுதான் முதல் முறையாக வந்திருக்கிறார். அதை அவரே வெட்கத்தோடு சொன்னார். எங்கள் சந்தில் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரும்பு ஏணியில் பக்கவாட்டாக ஏறி மேலே வந்தார். என் மகள் அவருக்குத் தன் பள்ளிக்கூடப் படங்களை எல்லாம் காட்டினாள். நான் உப்புமா கிண்டினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

"எதுக்குடி?"

கூடுதலாக வந்த கோப்புகளை ஒரே வரியில் அழித்துவிட்டு அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நான் சொன்ன முதல் குறைக்கே முகம் மலர்ந்தார். இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

"சும்மாதான்" என்று சொல்லி, அவர் தட்டில் இன்னொரு கரண்டி உப்புமா வைத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.